மருந்து சோற்றுப் பானையில். பொறுப்பு அரசாங்கத்தின் தலையில்!

பிள்ளை மெலிந்தால் தாயைப் பழிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். வயிறு ஊதி, கைகால் சூம்பி, ஓயாமல் வயிற்றாலே போகும் குழந்தையைக் கண்டதும், தாய் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊர் தீர்ப்புக் கூறிவிடும். பூச்சி மருந்து கொடுப்பார்கள், மாந்தம் என்பார்கள், நூல் கட்டுவார்கள். உடம்பு தேறட்டும் என்று பாணும் பிஸ்கற்றும் மேலும் ஊட்டுவார்கள். அந்தப் பாணும் பிஸ்கற்றுமே சில பிள்ளைகளுக்கு நஞ்சு என்பதை அத்தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? அவர்கள் ஏன் சொல்லவில்லை? இதுவே நமது கேள்வி.

சீலியாக் என்னும் நோயைப் பற்றியே பேசுகிறோம். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோய்க்கு ஆளான பிள்ளை அதனை உண்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கிறது. உண்ட உணவின் சத்து உடம்பிற் சேராது, இரத்தம் குன்றும், வளர்ச்சி தடைப்படும். இதனைத் தீர்க்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதொன்றே மருந்து. விலக்கினால் அப்பிள்ளை ஏனைய பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளரும்.

இவ்வுண்மையை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. கோதுமையின் மீது அவர் முன்னரே ஐயங் கொண்டிருந்தார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் அந்நாட்டிற் பாண் அரிதாயிற்று. அப்போது இந்நோய்ப் பிள்ளைகள் தேறினர். பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் தமது ஆய்வு நூலில் அவர் இதனை வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அச்செய்தி இன்னும் பாலாவிக்கு வந்து சேரவில்லையென்றால் குற்றம் யாருடையது?

“இது வெள்ளைக்காரன் நோய், சோறு தின்னும் நமக்கு எப்படி வரும்?” என்று கேட்போர் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று அவர்களுக்கு விடை தருகிறது. வட இந்தியாவில் ஆயிரம் பேரில் 12 பேரிடம் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் 1. இரத்தத்தில் வேறுபாடா? இல்லை. நோய்க்கு இடந்தரும் பரம்பரைக் கூறு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேறுபாடு உணவில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார்; தெற்கில் 25 கிராமே. காலையிற் பாண், மாலையில் பணிஸ், இரவிற் கொத்து ரொட்டி என்று வாழும் இலங்கையர் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இச்சாய்வு தானாக வந்ததன்று. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசிக் கப்பல் நின்றபோது, பங்கீட்டு அட்டையோடு கோதுமை மா நம் அடுக்களைக்குள் நுழைந்தது. 1977ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியே திருகோணமலையிற் பெரும் மா ஆலை எழுந்தது. வெளிநாட்டுக் கோதுமையைக் கப்பல் கப்பலாக இறக்கி ஊரெங்கும் பாணைப் பரப்பியது அரசாங்கக் கொள்கை. ஆகவே அப்பாணால் நோயுறும் பிள்ளையைக் காப்பதும் அரசாங்கக் கடமையே. அது தர்மமன்று, கடன்.

பாலாவிச் சந்தியில் நின்று பாருங்கள். புத்தளத்துக்குத் தெற்கே, கற்பிட்டி வீதி பிரியும் இவ்விடத்தைச் சூழ உப்பளத் தொழிலாளரும் மீனவரும் வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரிற் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பங்கீட்டில் வந்ததைத் தின்று பிள்ளை வளர்த்த முஸ்லிம் மக்களும் வாழ்கின்றனர். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய்க்கு இடியப்பம் பிழிய நேரம் ஏது? கடைப் பாணே கைகொடுக்கிறது. கடை இடியப்பத்திலும் கோதுமை மா கலந்திருக்கலாம். ரவையும் சேமியாவும் கோதுமையே. பெருங்காயத் தூளிற் கோதுமை மா சேர்ப்பதுண்டு. மால்ட் பானத்தில் பார்லி. சோயா சோஸிலும் கோதுமை. கோதுமை அரைத்த மில்லிலேயே அரிசியை அரைத்தால் அம்மாவும் பழுது. பக்கற்றைப் பார்த்து அறியலாமென்றால், சேர்மானங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில்! தமிழ் மட்டும் படித்த தாய் என்ன செய்வாள்?

பிற நாடுகளைப் பாருங்கள். சர்வதேச மன்னிப்புச் சபையைத் தொடங்கிய பீற்றர் பெனன்சன் தாமும் இந்நோயாளர். அவர் 1968இல் பிரித்தானியாவில் நோயாளர் சங்கம் அமைத்தார். இத்தாலியில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் குளூட்டன் இல்லா உணவு வாங்க உதவித்தொகையையும் பாடசாலையில் தனி உணவையும் உறுதிசெய்தது. 2023இல் பிள்ளைகளை முன்கூட்டியே பரிசோதிக்கவும் அங்கே சட்டம் வந்தது. செல்வ நாடுகள் அவை என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நாம் கேட்பது செல்வமன்று; ஒழுங்கு.

முதலாவது: பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அட்டை குடும்ப நல மாதின் கையில் இருக்கிறது. சத்துணவு கொடுத்தும் கோடு ஏறாத பிள்ளைக்கு இந்நோயின் இரத்தப் பரிசோதனை இலவசமாக நடைபெறட்டும். இரத்தம் கொழும்புக்குப் போகட்டும்; நாட்கூலியை இழந்து தாய் போக வேண்டாம்.

இரண்டாவது: குளூட்டன் உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு பக்கற்றிலும் தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் பொறிக்கப்படட்டும். குளூட்டன் இல்லை என்று எழுதக் கிலோவுக்கு 20 மில்லிகிராமே உச்ச எல்லை என்பது உலகம் ஒப்பிய அளவு.

மூன்றாவது: கோதுமை தீண்டாத மில்லில் அரைத்த அரிசி மாவும் குரக்கன் மாவும் கூட்டுறவுக் கடைகளில் நியாய விலைக்குக் கிடைக்கட்டும். பாடசாலை உணவில் இப்பிள்ளைகளுக்குத் தனித் தட்டு இருக்கட்டும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஐயமிருந்தால் பாணை உடனே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் செய்யும் பரிசோதனை நோயைக் காட்டாமற் போகலாம். முதலில் வைத்தியரிடம் கேட்டுப் பரிசோதியுங்கள். நோய் உறுதியானால் அஞ்ச வேண்டாம். சோறும் மீனும் தேங்காயும், குரக்கனும் ஒடியலும் மரவள்ளியும் உங்கள் பிள்ளைக்குரிய உணவே. நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும்கூட, கோதுமை கலவாதவரை, அப்பிள்ளைக்கு உண்டு. விருந்தில் ஒரு துண்டுக் கேக் என்ன செய்யும் என்று கேட்கும் உறவினரிடம், ஒரு துண்டும் கெடுக்கும் என்று துணிந்து சொல்லுங்கள். இதே நோயுள்ள பிள்ளையின் தாய் பக்கத்து ஊரில் இருந்தால் தேடிச் சென்று கைகோத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கேட்டால் முறைப்பாடு. நூறு பேர் கேட்டால் கோரிக்கை.

ஆயிரத்தில் ஒரு பிள்ளைதானே என்று சொல்லும் அதிகாரிகளே, அந்த ஒரு பிள்ளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிக் கணக்குப் பார்ப்பீர்களா?