அச்சடிக்க ஆறே வரி

பழைய ஹோம் கம்ப்யூட்டரில் புரோகிராமிங் பழகலாமான்னு யாராவது கேட்டால், "ஒரு கேம் எழுதிப் பாருப்பா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. முதலில் ஒரு ஃபைலை எடுத்துப் பிரிண்டரில் அடிக்கிற புரோகிராம் எழுதுங்க. பார்க்க ரொம்ப சாதாரண வேலை. அதுக்குள்ளே இருக்கிற சங்கதி கொஞ்சநஞ்சமல்ல.

கமாடோர் 64-ஐயே எடுத்துக்குவோம். 1982-ல் வந்த மெஷின். (கையில் மெஷின் இல்லையா? வைஸ் என்கிற இலவச எமுலேட்டர் இருக்கு. பிரிண்டருக்குப் போவதை ஃபைலாகவே எழுதித் தந்துடும், பேப்பர் செலவு மிச்சம் :-)) அதில் பிரிண்டருக்கு நம்பர் 4, டிஸ்க் டிரைவுக்கு 8. மெமரியில் இருக்கிற பேசிக் புரோகிராமை அடிக்க ஓப்பன், சிஎம்டி, லிஸ்ட் போதும். டிஸ்கில் கிடக்கும் கடிதத்தையோ கணக்கையோ அடிக்கணும்னா நாமதான் எழுதியாகணும்.

ஆறே வரிதான். ஃபைலைத் திற, பிரிண்டரைத் திற, ஒரு எழுத்தைப் படி, அதை அடி, ஃபைல் முடியலைன்னா மறுபடி படி, முடிஞ்சா ரெண்டையும் மூடு. ஃபைல் முடிந்ததா என்பதை எஸ்டி என்ற மாறி சொல்லும். கடைசி எழுத்தைப் படித்ததும் அதில் 64 வந்து உட்காரும். ஆனா அடுத்து பிரிண்டருக்கு ஒரு எழுத்தை அனுப்பின உடனே, அதே எஸ்டி பிரிண்டரோட நிலவரத்தைச் சொல்ல ஆரம்பிச்சுடும்! அதனால் படித்த கையோடு வேறொரு மாறியில் அதை எடுத்து வெச்சுக்கணும். இல்லைன்னா ஃபைல் முடிந்ததே புரோகிராமுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை எந்த கேமும் இவ்வளவு சுருக்கமா சொல்லித் தராது.

அப்புறம் பக்கம். 11 அங்குலக் காகிதம், அங்குலத்துக்கு 6 வரி, ஆக 66 வரி. 60-ல் நிறுத்தி அடுத்த தாளுக்குத் தாண்டினால் கிழிக்கிற மடிப்பின் மேல் எழுத்து விழாது. சரி, வரியை எண்ணினால் போதுமா? போதாது. பிரிண்டரின் அகலம் 80 எழுத்து. 100 எழுத்துள்ள வரியை அது தானாகவே ரெண்டாக மடக்கிவிடும், நம்ம கணக்கு ஒன்றுதான் காட்டும். ஆக எழுத்தையும் எண்ணணும். ஆறு வரி இப்போ முப்பதாகியிருக்கும். பரவாயில்லை, ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

"இந்தக் காலத்துல யாருப்பா பிரிண்ட் எடுக்கிறாங்க?" என்று கேட்கலாம். ஆல்டேர் கம்ப்யூட்டருக்காக 1975-ல் எழுதிய பேசிக்கின் மூல நிரலை பில் கேட்ஸ் 2025-ல் வெளியிட்டார். வந்தது அச்சடித்த தாள்களின் ஸ்கேன்! அப்பல்லோ 11 வழிகாட்டிக் கணினியின் நிரலும் காகிதப் பட்டியலைப் பார்த்துத்தான் மறுபடி கம்ப்யூட்டருக்குள் ஏறியது. காந்தத் தட்டை நம்புறவங்க நம்பட்டும், நான் தாளைத்தான் நம்புவேன்.

அதனால ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஃபைல் பெயர், பக்க எண், தேதி மூன்றும் விழுகிற மாதிரி எழுதிடுங்க. தேதியை மட்டும் இன்புட் போட்டு உங்ககிட்டேயே கேட்க வெச்சுக்கணும். கமாடோருக்கு நேரம் எண்ணத் தெரியும், இன்னைக்கு என்ன தேதின்னு தெரியாது.