6 மணிக்குக் கிளம்பி 5.50-க்கு வந்து சேர்ந்த படகு!

அரிச்சல்முனை வரைக்கும் போனவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். தனுஷ்கோடி ரோடு முடிகிற இடத்தில் செல்ஃபி எடுக்க போனைத் தூக்கினால், இலங்கை நெட்வொர்க் வரவேற்று எஸ்.எம்.எஸ் அனுப்பியிருக்கும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கி.மீ.தான். ஆனால், நெட்வொர்க் மாறினாலும் போனில் மணி மாறாது. இன்று இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

எப்போதும் அப்படி இல்லை. 1996 மே மாதம், மின் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதே வருடம் அக்டோபரில் அரை மணியைக் குறைத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் சரியானது. (புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவுக்குள் இரண்டு மணி!)

இப்போது ஒரு கணக்கு. 1996 ஜூலை. போர்க்காலம், படகுச் சேவை எதுவும் கிடையாது. சும்மா கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தலைமன்னார் கடிகாரப்படி காலை 6 மணிக்கு ஒரு விரைவுப் படகு கிளம்பி, 50 நிமிடத்தில் தனுஷ்கோடி வருகிறது. இங்கே மணி 5.50. வந்த நேரத்திலிருந்து கிளம்பிய நேரத்தைக் கழித்தால், பயண நேரம் மைனஸ் 10 நிமிடம்! நாம் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

2017 ஜனவரி 1 அன்று நிஜமாகவே பார்த்தோம். நாட்டுக்கு நாடு நேரம் மாறுவது கம்ப்யூட்டருக்குப் பிரச்னையே இல்லை. அது உள்ளுக்குள் 1970 ஜனவரி 1-லிருந்து உலகப் பொது நேரத்தில் விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணிக்கையையே அவ்வப்போது திருத்துவார்கள். பூமி சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததால், அன்று உலக நேரத்தில் ஒரு 'லீப் விநாடி' சேர்த்தார்கள். நமக்கு அது விடிகாலை 5.30-க்குச் சற்று முன். பல கம்ப்யூட்டர்கள் ஒரே விநாடியை இரண்டு தடவை எண்ணின. அதாவது, கடிகாரம் பின்னால் போனது.

இணையதளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருகிற கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மென்பொருள், எந்த சர்வர் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தது. நம் படகு மாதிரியே, பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிட்டது! மைனஸ் எண்ணைப் பார்த்ததும் மென்பொருள் சில இடங்களில் படுத்துவிட்டது. 'பூஜ்யமா?' என்று கேட்ட வரியை 'பூஜ்யமோ அதற்குக் கீழோ?' என்று மாற்றினார்கள். மாறியது ஒரே ஓர் எழுத்து. அந்த மென்பொருள் 'கோ' மொழியில் எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த கோ 1.9-ல், பின்னால் போகாத கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

'இப்போது மணி என்ன?', 'எவ்வளவு நேரம் ஆச்சு?' இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்குச் சுவர்க் கடிகாரம், இரண்டாவதற்கு ஸ்டாப்வாட்ச். ஆபரேட்டிங் சிஸ்டம், பிரவுசர் மாதிரியான ஆழமான வேலைகளுக்குப் பயன்படும் 'ரஸ்ட்' மொழியில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். 'சிஸ்டம் டைம்' சுவர்க் கடிகாரம். அதில் இரண்டு நேரங்களைக் கழிக்கச் சொன்னால், 'கடிகாரம் பின்னால் போயிருந்தால் என்ன செய்வாய், முதலில் அதைச் சொல்' என்று நம்மையே கேட்கும். 'இன்ஸ்டன்ட்' ஸ்டாப்வாட்ச். அதனிடம் மணி கேட்க முடியாது. எவ்வளவு நேரம் கடந்தது என்று மட்டும் சொல்லும்.

அந்த ஸ்டாப்வாட்சும் சில கம்ப்யூட்டர்களில் வன்பொருள் கோளாறால் பின்வாங்கியது தனிக்கதை. 2022-ல் வந்த ரஸ்ட் 1.60 முதல், அப்படி ஆனால் 'பூஜ்யம்' என்று சொல்லிவிடுகிறது. பிழையை மூடி மறைப்பதுபோல எனக்குத் தோன்றினாலும், மொத்த மென்பொருளும் படுப்பதற்கு இது தேவலை.

ராமேஸ்வரம் விசைப்படகுகளில் இருக்கிற ஜி.பி.எஸ் கருவிக்கு லீப் விநாடி தொல்லை இல்லை. ஜி.பி.எஸ் நேரம் 1980-லிருந்து லீப் விநாடி சேர்க்காமலே ஓடுகிறது. 2017 முதல் உலக நேரத்தைவிட 18 விநாடி முந்தி நிற்கிறது. செயற்கைக்கோள் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் அது இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த அளவில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கடல் எல்லைக் கோட்டருகே 300 மீட்டர் என்றால் என்ன அர்த்தம் என்று ராமேஸ்வரம் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டுக் குட்டீஸுக்கும் இந்த விஷயம் தெரியும். கேமில் 'லைஃப்' தீர்ந்தால், போனில் தேதியை நாளைக்கு மாற்றி வைத்து ஓசியில் லைஃப் வாங்குவார்களே, அது சுவர்க் கடிகாரத்தை நம்பிய கேம். ஸ்டாப்வாட்சை நம்பிய கேமிடம் இந்த வேலை பலிக்காது.

புரோகிராம் எழுதப் பழகும் தம்பி, தங்கைகள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். லினக்ஸில் இன்ஸ்டன்ட் பயன்படுத்துகிற கடிகாரம், லேப்டாப்பை மூடித் தூங்க வைத்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காது. ராத்திரி முழுக்க மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால், சில நிமிடம்தான் ஆச்சு என்று சாதிக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே, தூங்கின நேரத்தையும் சேர்த்து எண்ணுகிற கடிகாரம் தனியாக இருக்கிறது. 'எலாப்ஸ்ட் ரியல்டைம்' என்று தேடிப் பாருங்கள்.