ரிங்கோவுக்காக ஒரு வக்காலத்து

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன ஞாயித்துக்கிழமை நடந்த கூத்துக்கு அப்புறம் இனிமே தள்ளக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நண்பர் வீட்டு மொட்டை மாடி. நாலு பேர். எல்லாருக்கும் நரை விழுந்தாச்சு, ஆனா ராக் பேச்சு வந்துட்டா பழைய ஹாஸ்டல் ரூம் வாசம் தானா வந்துடும். உலகத்துலேயே பெரிய டிரம்மர் யாருன்னு ஆரம்பிச்சுது. ஒருத்தர் லெட் ஸெப்லினின் ஜான் பான்ஹம்னார். இன்னொருத்தர் ரஷ் குழுவின் நீல் பியர்ட்னார். மூணாமவர் ஜிஞ்சர் பேக்கர்தான், பேச்சே கிடையாதுன்னு நாற்காலி கையைப் பிடிச்சு தட்ட ஆரம்பிச்சுட்டார். நான் மெதுவா "ரிங்கோ ஸ்டார்" அப்படின்னேன்.

ஒருத்தருக்குப் புரையேறிடுச்சு. மத்தவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே அந்தப் பழைய ஜோக்கை எடுத்து விட்டார். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ரிங்கோ உலகத்துலேயே சிறந்த டிரம்மரான்னு ஜான் லென்னான் கிட்ட கேட்டாங்களாம். அவன் பீட்டில்ஸ்லேயே சிறந்த டிரம்மர் இல்லையேன்னாராம்.

முதல்ல இதை முடிச்சுடறேன். லென்னான் அப்படிச் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. அவர் 1980 டிசம்பர்ல சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த ஜோக் 1981-ல் ஒரு பிபிசி ரேடியோ காமெடியில் வந்திருக்கு. 1983-ல் ஜாஸ்பர் கேரட் என்கிற இங்கிலாந்து காமெடியன் டிவியில் சொல்லியிருக்கார். செத்துப் போன மனுஷன் வாயில யாரோ கொண்டு வந்து வெச்ச வசனம். அதே 1980-ல் கொடுத்த பேட்டியில் லென்னான் ரிங்கோவை நல்ல டிரம்மர்னு பாராட்டித்தான் பேசியிருக்கார். ஆனா பாராட்டு யாருக்கு வேணும், ஜோக்தானே ஊர் சுத்தும்!

சரி, ஜோக் பொய்யா இருக்கலாம், அதுல இருக்கற கருத்து நிஜம்தானேன்னு நீங்க கேட்பீங்க. மாடியிலயும் அதைத்தான் கேட்டாங்க. "பான்ஹம் 'மோபி டிக்'ல மேடையில இருபது நிமிஷம் தனியா வாசிப்பான். பேக்கரோட 'டோட்' பதினாறு நிமிஷம். உங்க ஆளு?"

எங்க ஆளு பீட்டில்ஸ்ல இருந்தவரைக்கும் ரெக்கார்டில் மொத்தம் ஒரே ஒரு சோலோ. 1969-ல் 'அபி ரோட்' ஆல்பத்துல 'தி எண்ட்' பாட்டுல, கால் நிமிஷம் வந்தா அதிகம். அதுக்கும் மத்தவங்க கெஞ்ச வேண்டியிருந்துது. மனுஷனுக்கு சோலோன்னாலே பிடிக்காது.

என்னோட கேஸே இங்கதான் ஆரம்பிக்குது. நம்ம கச்சேரி கேட்கற பெரியவங்க சில மிருதங்க வித்வான்களைப் பத்தி "பாட்டுக்கு வாசிக்கறார்"னு சொல்வாங்க பாருங்க, அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் அவங்க அகராதியில கிடையாது. தனி ஆவர்த்தனம் பின்னிட்டான்னு சொல்றது அதுக்கு அப்புறம்தான். ராக் ரசிகர்கள் மட்டும் ஏனோ தனியை மட்டும் வெச்சு மார்க் போடறாங்க.

'கம் டுகெதர்' கேளுங்க. அந்த டாம் டிரம் உருட்டல் இல்லாம அந்தப் பாட்டை உங்களால யோசிக்கவே முடியாது. 'எ டே இன் தி லைஃப்'ல லென்னான் பாடற வரிகளுக்கு நடுவுல டிரம் வந்து பதில் சொல்லும். தாளம் போடற வேலையை விட்டுட்டு, பக்கத்துல உட்கார்ந்து கதை கேட்கற ஆள் 'உம்' கொட்டற மாதிரி. 1966-ல் வந்த 'ரெயின்' தான் உச்சம். 'பேப்பர்பேக் ரைட்டர்' ரெக்கார்டோட பின்பக்கத்துல போட்ட பாட்டு. வேகமா வாசிச்சு, டேப்பை மெதுவாக்கி இருப்பாங்க. அதனால டிரம்ஸுக்கு ஒரு ஈரமான கனம் வந்திருக்கும். தான் வாசிச்சதுலேயே அதுதான் பெஸ்ட்னு ரிங்கோவே பல தடவை சொல்லியிருக்கார். இன்னொண்ணு, அவர் இடது கைக்காரர். ஆனா வலது கைக்காரங்களுக்குப் போடற மாதிரி செட் போட்டு வாசிப்பார். அதனால ஃபில் எல்லாம் ஒரு தினுசா, எதிர்பார்க்காத கையில ஆரம்பிக்கும். காப்பி அடிச்சுப் பாருங்க, கை பின்னிக்கும். நான் பார்த்தாச்சு.

குறையே இல்லைன்னு சொல்லலை. 1962 செப்டம்பர்ல 'லவ் மீ டூ' ரெக்கார்ட் பண்ணும்போது தயாரிப்பாளர் தரப்புக்கு இவர் மேல நம்பிக்கை வரலை. ஆண்டி வைட்னு ஒரு ஸ்டுடியோ டிரம்மரைக் கூட்டிட்டு வந்து, ரிங்கோ கையில டாம்புரினைக் கொடுத்து நிக்க வெச்சாங்க. ஆல்பத்துல இருக்கறது வைட் வாசிச்சதுதான். ரிங்கோவை ஸெப்லின்ல உட்கார வெச்சா பாதிப் பாட்டு படுத்துடும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா பான்ஹம் பெரியவர்னு நான் நம்பறதும் 'மோபி டிக்'கை வெச்சு இல்லை. 1971-ல் வந்த 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாருங்க. ஹெட்லி கிரேன்ஜ்னு ஒரு பழைய பங்களா. மாடிப்படிக்குக் கீழ செட்டைப் போட்டு, மேல மைக்கைத் தொங்கவிட்டு எடுத்தாங்க. ஏழு நிமிஷம் கிட்டத்தட்ட ஒரே அடி, அவசரமே இல்லாம. அதுவும் பாட்டுக்கு வாசிக்கறதுதான். அவரோட ரசிகர்களுக்கே அது புரியலைங்கறதுதான் என் வருத்தம்.

இன்னொரு சாட்சி. 1968 ஆகஸ்ட்ல 'வைட் ஆல்பம்' ரெக்கார்டிங் நடுவுல, தான் சரியா வாசிக்கலை, மத்த மூணு பேரும் ஒட்டிக்கிட்டு தன்னை வெளியில வெச்சுட்டாங்கன்னு நினைச்சு ரிங்கோ கிளம்பிப் போயிட்டார். 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்'ல டிரம்ஸ் பெரும்பாலும் பால் மெக்கார்ட்னிதான். அது நல்லாதான் இருக்கு. இருந்தும் திரும்பி வரச்சொல்லி ஆள் விட்டாங்க. அவர் வந்தப்ப டிரம் செட் முழுக்கப் பூவால அலங்காரம் பண்ணி வெச்சிருந்தாங்க. குழு உடைஞ்ச 1970-லேயே லென்னானும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்களோட தனி ஆல்பங்களுக்கு வாசிக்கக் கூப்பிட்டது யாரை? உலகத்துல எந்த டிரம்மரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்திருப்பாங்க. இவங்க ரிங்கோவைத்தான் கூப்பிட்டாங்க.

இதுக்கு ஏன் இவ்வளவு சூடாகறேன்னு மாடியிலேயே கேட்டாங்க. அங்க சொல்லலை, இங்க சொல்லிடறேன்.

இன்ஜினியரிங் படிக்கறப்ப நாங்களும் ஒரு பேண்ட் வெச்சிருந்தோம் (சிரிக்காதீங்க). நான் கிட்டார். டிரம்ஸ்ல ஒரு ஜூனியர் பையன். பேரு வேண்டாம். சத்தமே இல்லாம வந்து உட்காருவான், வாசிப்பான், போயிடுவான். கல்ச்சுரல்ஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது வேற டிபார்ட்மென்ட்ல ஒருத்தன் கிடைச்சான். ரெண்டு கையும் காத்தாடி மாதிரி சுத்தும். எங்களுக்கு வாயில ஈ போறது தெரியலை. ஜூனியர் கிட்ட விஷயத்தை யார் சொல்றதுன்னு பார்த்தப்ப நான்தான் போனேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, "நீ ரிங்கோ மாதிரிடா, நமக்கு பான்ஹம் வேணும்" அப்படின்னேன். கூடவே மேல சொன்ன அதே ஜோக்கையும் சொன்னேன். அவனும் சிரிச்சான். குச்சியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, "சரிண்ணா" ன்னான். போட்டி அன்னிக்கு டிரம்ஸ் தூக்க ஆள் பத்தலைன்னு தெரிஞ்சு அவனே வந்து ஒரு கை பிடிச்சான்.

மேடையில என்ன ஆச்சு? புது ஆளு கிடைச்ச சந்துல எல்லாம் ஒரு ஃபில் போட்டான். மூணாவது பாட்டுல வேகம் எங்கேயோ போயிடுச்சு. பாடறவனுக்கு மூச்சு வாங்குது. நான் கிட்டாரைப் பார்க்கறதா அவனைப் பார்க்கறதான்னு தெரியாம முழிக்கறேன். கைதட்டல் என்னவோ நல்லாவே வந்துது, அதுவும் டிரம்ஸுக்குத்தான். பரிசு மட்டும் வரலை.

பல வருஷம் கழிச்சு வீடு மாத்தறப்ப ஒரு ரிகர்சல் கேசட் கிடைச்சுது. அந்த ஜூனியர் வாசிச்சது. என் கிட்டார் கேவலமா இருக்கு, சந்தேகமே வேண்டாம். ஆனா நான் தடுக்கற இடத்துல எல்லாம் டிரம்ஸ் அரை நொடி நின்னு என்னைக் கூட்டிட்டுப் போறது தெளிவாக் கேட்குது. வாசிச்ச அன்னிக்கு எனக்கு அது கேட்கவே இல்லை. அவன் நம்பர் என் போன்ல இருக்கு. தீபாவளிக்கு ஃபார்வர்ட் மெசேஜ் மட்டும் போகும், வரும்.

ஞாயித்துக்கிழமை கடைசியில மூணுக்கு ஒண்ணுன்னு தோத்துதான் வந்தேன். பான்ஹம், பியர்ட், பேக்கர் கட்சிக்காரங்க இங்கயும் வந்து திட்டலாம், தடையில்லை. ஒரே ஒரு கண்டிஷன். 'ரெயின்' பாட்டை ஹெட்போன் போட்டு ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு வந்து திட்டுங்க.