கல்லாவுக்குக் கணக்கு உண்டு, முகாமுக்கு?

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் ஷட்டரை இறக்கிய பிறகும் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டுகிறோம். வியாபாரச் சமுதாயத்தின் ரத்தத்தில் ஊறிய குணம் அது. ஆனால் நமது கிளைகள் நடத்தும் சர்க்கரை நோய் முகாம்களுக்கு மட்டும் கணக்கு கிடையாது! "ஏராளமானோர் பயனடைந்தனர்" என்று புகைப்படத்துடன் செய்தி வருகிறது. என்ன பயன்? விரலில் குத்தி ரத்தம் பார்த்தோம், சீட்டு எழுதினோம், சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து எத்தனை பேருக்குச் சர்க்கரை குறைந்தது? கேட்டால் தலையைச் சொறிகிறார்கள்.

நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் சொன்னது. நாள் முழுக்கக் கல்லாவில் அமர்ந்துவிட்டு இரவு பதினோரு மணிக்குப் புரோட்டா சாப்பிடும் நமக்கு அதில் பங்கில்லையா சகோதரர்களே? குடும்பத் தலைவர் ஒரு காலை இழந்து படுத்துவிட்டால் கடை என்னவாகும்? வீட்டிலிருக்கும் குமர்களின் கதி என்ன?

பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்றொரு மாநிலம். ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக மடிந்ததால் 1971ல் மக்கள் பிரதிநிதிகளே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972ல் திட்டம் தொடங்கியது. முதல் வேலை என்ன தெரியுமா? அளந்தார்கள்! ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் பதிந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்து மாநிலமான குவோபியோவிலும் அளந்தார்கள். வெண்ணெயையும் உப்பையும் குறைக்க இல்லத்தரசிகள் சங்கம் களமிறங்கியது. உணவுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளவை. உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

உடல் அல்லாஹ்வின் அமானத் என்று ஜும்ஆவில் பேசுகிறோம். வயிற்றில் உணவுக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று அளவையே கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அமானத்துக்குக் கணக்கு வேண்டாமா?

கிளைப் பொறுப்பாளர்களே! 400 பேர் வேண்டாம், 40 பேர் போதும். ஜவுளிக்கடை நாடாவை எடுங்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து. எடை, ரத்த அழுத்தம், ஹெச்.பி.ஏ.1.சி. எல்லாம் ஏட்டில் ஏறட்டும். அந்தக் கடைசிச் சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும். முதல் நாள் மட்டும் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாது. மாலையில் நடக்கச் சொன்னால் எந்த வியாபாரி வருவார்? பஜ்ர் முடிந்ததும் அரை மணி, வாரம் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும். நம் பெண்களுக்கும் நடக்க இடமும் நேரமும் ஒதுக்குங்கள். நோய் அவர்களை மட்டும் விட்டுவிடவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே 40 பேரை அளக்க வேண்டும். இடையில் ரமளான் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள். வந்தால் மாற்றம் நோன்பினாலா, நடையினாலா என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றவர்களை வீடு தேடிப்போய் அளந்து, ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வந்தவர்களை மட்டும் எண்ணுவது, வராக்கடனை மறைத்து லாபம் காட்டுவது போன்றது.

ஒருவருக்கும் சர்க்கரை குறையவில்லையா? அதையும் அப்படியே அனுப்புங்கள். இரண்டு அளவைகளும் கொண்ட ஏட்டின் நகல் வந்தால்தான் இனி முகாம் செய்தி இந்த இதழில் இடம்பெறும், இன்ஷா அல்லாஹ்.