ஏடு எங்கே இருக்க வேண்டும்?

அன்பர்கள் இருவர் இத்திங்கள் ஏறக்குறைய ஒரே வினாவை விடுத்துள்ளனர். வீட்டிற்குப் புதிதாகக் கணினி வாங்கிய ஒருவர், எழுத்து வேலைக்கும் கணக்கிற்கும் மென்பொருளை அதிலேயே நிறுவிக்கொள்வதா, அன்றி உலாவியைத் திறந்து கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதுவதா என்று கேட்கிறார். மற்றவர் சங்க நிர்வாகி. உறுப்பினர் பதிவேட்டையும் ஈமச்சடங்கு உதவி நிதிக் கணக்கையும் எதில் வைப்பது என்பது அவர் கவலை.

ரயில்வேயில் உள்ளோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. முன்னாளில் முன்பதிவு ஏடு அந்தந்த நிலையத்திலேயே இருந்தது. 1986இல் டில்லியில் கணினி முன்பதிவு வந்தது. 1999இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன்பின் எந்த ஊர்க் கவுண்டரிலும் எந்த ஊர்ப் பயணத்திற்கும் டிக்கெட் பெறலாயிற்று. ஆனால் லைன் அறுந்தால் கவுண்டரில் இருப்பவர் கைகட்டி உட்கார வேண்டியதே. வரிசையில் நிற்போர் அப்போது வழங்கும் அர்ச்சனையை நாம் நன்கறிவோம்!

முதல் அன்பருக்கு விடை எளிது. லிப்ரே ஆபீஸ் 2010 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, இணையமின்றியும் இயங்கும். மைக்ரோசாப்ட் 365க்கோ சந்தா உண்டு. அது தீர்ந்தால் கோப்பைப் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. குவார்ட்டர்ஸில் இணையம் அடிக்கடி நின்றுபோகுமாயின் நிறுவிய மென்பொருளே நலம். தந்தை ஓர் ஊரிலும் பிள்ளைகள் ஓர் ஊரிலுமாக இருந்து ஒரே கணக்கைப் பார்க்க வேண்டிய குடும்பத்திற்கு உலாவி வசதி. எதில் எழுதினும் யூனிகோடில் எழுதுக. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

இரண்டாம் வினாவே நம்மைச் சிந்திக்க வைத்தது. வேறோர் ஊர்ச் சங்கத்தில் நிகழ்ந்ததைக் கேள்வியுற்றோம். செயலாளர் தம் சொந்தக் கணக்கில் பதிவேட்டை வைத்திருந்தார். அவருக்கு மாறுதல் வந்தது. தொலைபேசி எண்ணும் மாறிற்று. கடவுச்சொல் மறந்தபோது சரிபார்ப்புக் குறியீடு பழைய எண்ணுக்கே சென்றது. அவ்வேளையில் உறுப்பினர் ஒருவர் காலமானார். அவர் சந்தாவை ஒழுங்காகச் செலுத்தியவர் என்று காட்ட ஏடில்லாமல், அவர் மனைவி உதவித் தொகைக்காக மூன்று மாதம் அலைந்தார்.

ஆகவே ஒருவர் வீட்டு வட்டில் மட்டும் வைப்போம் என்பார் உளர். வட்டு பழுதுற்றால் கதை அதுவே. நம் மக்கள் நான்காண்டுக்கொருமுறை பெட்டி கட்டுகிறவர்கள். ஏடு ஒருவரோடு ஊர் செல்லலாகாது. எனவே சங்கத்தின் பதிவேட்டுக்கு உலாவி வழியே நன்று என்பது நம் துணிபு. ஆனால் கணக்கு சங்கத்தின் பெயரில் தனியே தொடங்கப்பட வேண்டும். திருத்தும் உரிமை செயலாளர், பொருளாளர் இருவருக்கு மட்டும். மற்ற நிர்வாகிகளுக்குப் பார்க்கும் உரிமை போதும். இணைப்பு பெற்ற எவரும் திறக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். ஆதார் எண்ணையும் வங்கி எண்ணையும் அதில் எழுதுவது தகாது.

இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு. நமது பதிவேட்டிற்கு அது மிகையே. எனினும் ஈராண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கி வருகிறது என்பதை மறவற்க. மாதந்தோறும் சந்தா வசூல் முடிந்த மறுநாள் பதிவேட்டை இறக்கி, பென்டிரைவில் ஒரு படியும், பொருளாளர் கையொப்பமிட்ட அச்சுப்படி ஒன்றும் சங்க அலமாரியில் வைக்கலாம். பென்டிரைவில் உள்ளதை லிப்ரே ஆபீஸே திறக்கும். பொறுப்பு கைமாறும் நாளன்று, சாவிக்கொத்தைப் பெறும்போதே கடவுச்சொல்லையும் மாற்றி, பழைய செயலாளரின் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுப் புதியவர் எண்ணைச் சேர்த்துவிட வேண்டும்.