விரலை மாத்தச் சொல்லாதீங்க

கொட்டாஞ்சேனை கொமினிகேஷன் கடையில டைப் பண்ணுற அண்ணா, ‘அம்மா’ எழுத எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அழுத்துவார். அதுதான் பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில அம்மா வெறும் ஆங்கில எழுத்தாகிடுவா. கூகுளில தேடினாலும் கிடைக்கமாட்டா.

“யுனிகோடுக்கு மாறுங்க” என்று நாங்க சுலபமா சொல்றோம். வருஷக்கணக்காப் பழகின விரலுக்கு அது நியாயமா?

மாறவேண்டியது விரல் இல்ல, ஒரு கோப்பு. கீமேன் என்ற இலவச மென்பொருளுக்கு விசைப்பலகை என்பது வெறும் உரைக்கோப்பு: ‘எம் அழுத்தினா அ வரட்டும்’ என்பதுபோல விதிகள். பாமினியில கொம்பை முதல்ல அழுத்தணும். யுனிகோடில அது எழுத்துக்குப் பின்னால சேமிக்கப்படுது. அதைத் திருப்பவும் விதி எழுதலாம். பிறகு கட்டளைவரியில ‘கேஎம்சி’ கருவியால தொகுத்தா, பழைய விரலுக்கே யுனிகோட் வரும்.

பாமினிக்கு இப்படிச் செய்த விசைப்பலகைகள் ஏற்கெனவே இருக்கு. அடுத்தமுறை போட்டோக்கொப்பி எடுக்கப் போகும்போது அறிவுரையை வீட்டில வச்சிட்டு, பென்டிரைவில ஒன்றைக் கொண்டுபோங்க.