விளாங்குடி வீட்டுக்கு எந்த மைக்?

காதுகுத்துக்கும் முளைப்பாரிக்கும் மைக்செட் கட்டிப் பழகிய நம்மிடம் இப்போது வேறொரு கேள்வி வருகிறது. "அண்ணே, வீட்டிலிருந்து லைவ் போடணும். யூஎஸ்பி மைக் வாங்கவா, கேனான் பின் மைக் வாங்கவா?" கேட்பவர் டியூஷன் எடுக்கும் டீச்சராக இருக்கலாம், கேம் விளையாடிக் காட்டும் கல்லூரி மாணவராக இருக்கலாம், ஜோதிடராகவும் இருக்கலாம். 2020 மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தபோது மதுரைக்காரர்கள் அதை வீட்டிலிருந்தபடியே நேரலையில் பார்த்தார்கள். நேரலை அதற்கு முன்பும் உண்டு. 'நாமும் வீட்டிலிருந்தே போடலாமே' என்ற துணிச்சல் அந்த ஊரடங்கு மாதங்களில் வந்ததுதான் என்று நினைக்கிறோம்.

இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் கடையில் எது இருப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அமைகிறது. யூஎஸ்பி இருந்தால் "சொருகினா போதும், பேசிரலாம்". இன்டர்ஃபேஸ் தேங்கிக் கிடந்தால் "அனலாக்தான் புரொபஷனல்". இரண்டும் விற்பனைப் பேச்சு. யூஎஸ்பி மைக்குக்குள்ளும் இருப்பது அனலாக் காப்ஸ்யூல்தான். ப்ரீஆம்பும், சத்தத்தை டிஜிட்டலாக்கும் சிப்பும் அதே உடம்புக்குள் அடைந்திருக்கின்றன; கேனான் பின் மைக்கில் அவை வெளியே இன்டர்ஃபேஸ் பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன. யூடியூப் தன் நேரலைக்குப் பரிந்துரைக்கும் ஸ்டீரியோ ஆடியோவே 128 கேபிபிஎஸ்தான். அதற்குள் போகப்போகும் குரலுக்கு, அட்டைப்பெட்டியில் அச்சடித்த 192 கிலோஹெர்ட்ஸைக் காட்டி விலை சொல்வது வீண்.

எங்கள் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம். ஒருவர் மட்டும் பேசும் நேரலைக்கு, யூஎஸ்பி, கேனான் பின் இரண்டும் உள்ள டைனமிக் மைக்தான் முதல் தேர்வு. சாம்சன் க்யூ2யூ இந்த வகையில் பழைய உழைப்பாளி. கையில் காசு கூடுதலாக இருந்தால் ஷூர் எம்வி7. இரண்டாவது ஆள் பேச உட்கார்ந்தால் இன்டர்ஃபேஸ் வாங்கியே ஆக வேண்டும். கன்டென்சரை விளாங்குடி மாதிரி இடங்களில் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும்.

விளாங்குடியை ஏன் சொல்கிறோம் என்றால், இங்கே அறைதான் முதல் எதிரி. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பழைய பேரூராட்சி இது. திண்டுக்கல் சாலையும் ரயில் பாதையும் ஊரை ஒட்டியே போகின்றன. ஏர் ஹார்னும் கூடல் நகர் பக்கத்து ரயில் சத்தமும் நேரலையில் அழையா விருந்தாளிகள். உள்ளே டைல்ஸ் தரை, வழுவழுப்பாகப் பூசிய சுவர், காங்கிரீட் தளம், கண்ணாடி வைத்த பீரோ. பேசியது எல்லாம் திரும்பி வரும். சித்திரை வெயிலில் ஜன்னலை அடைத்து ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள். ஃபேன் ஓடும் அறையில் இரைச்சல் சாதாரணமாக 40 டெசிபலைத் தாண்டிவிடும். அங்கே மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபலா 12 டெசிபலா என்று ஒப்பிட்டு என்ன பயன்?

கன்டென்சர் தூரத்துச் சத்தத்தை இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று நம் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. ஒரே பேட்டர்ன் உள்ள இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிவிட்டால், தெருவிலிருந்து வரும் ஹார்ன் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விழும். மேல்ஸ்தாயி கன்டென்சரில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். உண்மையான காரணம் பழக்கம். கன்டென்சரின் அவுட்புட் பெரிது என்பதால் அதை மேஜை ஓரத்தில், முகத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள். டைனமிக்கில் அப்படிப் பேசினால் கேட்காது. ஆளைக் கிட்டே வரவைத்துவிடும். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் குரல் 12 டெசிபல் ஏறும், அறையின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். எவ்வளவு விலையுயர்ந்த ப்ரீஆம்பும் இந்த 12 டெசிபலைத் தராது.

மைக்கை எந்தப் பக்கமிருந்து நீட்டுகிறோம் என்பதிலும் இதே கணக்கு. கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம்தான் அதன் செவிட்டுப் பக்கம். மேஜையிலிருந்து மேல்நோக்கி நிறுத்தினால் மைக்கின் வாய் நேராக சீலிங் ஃபேனைப் பார்க்கும். பூம் ஆர்ம் போட்டு மேலிருந்து வாயை நோக்கிச் சாய்த்தால் முதுகு ஃபேன் பக்கம் திரும்பிவிடும். மேஜையில் தட்டும் சத்தமும் குறையும். கூடவே ஒரு ஃபோம் உறை. வாடிக்கையாளருக்கு மைக்கை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இரண்டாவது எதிரி கரண்ட். "புது மைக்கில் ஹம் வருது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது லேப்டாப் சார்ஜரை. எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜரில், உள்ளே இருக்கும் இரைச்சல் தடுப்புக் கப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசிந்து லேப்டாப்பின் உலோக உடம்பில் நிற்கும். கை வைத்தால் சுறுசுறுக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். யூஎஸ்பி மைக்கும், யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸும் அந்த லேப்டாப்போடுதான் பிணைந்திருக்கின்றன. ஆகவே 'அனலாக் வாங்கினால் ஹம் போகும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றியதும் ஹம் நின்றால் மைக்கின் மேல் குற்றமில்லை. மூன்று பின் சார்ஜராக மாற்றிய பிறகும் நிற்கவில்லையென்றால் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகள் உண்டு. ஒயர் இருந்தும் எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும் வீடுகள் இன்னும் அதிகம்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஹம் போக்குவதற்காக பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் வேலை. உலோக மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிற ஆளுக்கு அது உயிர் ஆபத்து. எர்த் லூப் இருந்தால் சிக்னல் பக்கத்தில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். கரண்ட் பக்கத்து எர்த்தில் கை வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டரையும் மறந்துவிடக் கூடாது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளையும் அனுப்பும். அவை குரல் இருக்கும் இடத்திலேயே விழுவதால் லோ கட் சுவிட்சுக்கு அடங்காது. ஃபேனும் சேர்ந்து உறுமும். கரண்ட் போனால் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள்.

இரண்டு பேர் பேசுவதற்கு இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே கம்ப்யூட்டரில் சொருகித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகிவிடும். சாஃப்ட்வேர் அதைச் சரிக்கட்டப் பார்க்கும்போது இடையிடையே 'டிக்' என்று வெட்டும். இன்டர்ஃபேஸில் இரண்டு மைக்குக்கும் ஒரே கடிகாரம், அந்தத் தொல்லையே கிடையாது. லேப்டாப் ஃபேன் சத்தத்துக்குப் பயந்து அதை அடுத்த அறையில் வைக்க நினைப்பவருக்கும் இதுவே வழி: யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பேலன்ஸ்டு கேபிளை 50 மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை.

போனில் மட்டும் நேரலை செய்பவருக்கு போயா பிஒய்எம்1 மாதிரி சட்டையில் குத்தும் மைக் இன்னும் போதும். புதுப் போனில் 3.5 துளை இல்லையென்றால் டைப்-சி மைக். போனில் ஓடிஜி போட்டு 48 வோல்ட் கன்டென்சரை ஓட்ட முயல வேண்டாம். அந்த 48 வோல்ட்டை எழுப்புகிற அளவுக்குச் சில போன்கள் கரண்ட் தருவதில்லை.

கடைசியாக, ரிப்பேர். 48 வோல்ட் என்பது 1966இல் நார்வே வானொலிக்காக நாய்மன் கம்பெனி அமைத்துக் கொடுத்தது. அங்கே அவசர விளக்குகளுக்கு ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். அன்றைய மைக் இன்றைய இன்டர்ஃபேஸிலும் பேசும். மறுபக்கம், எம்வி7 2020இல் மைக்ரோ யூஎஸ்பி துளையோடு வந்தது, 2024இல் எம்வி7 பிளஸ் டைப்-சிக்கு மாறிவிட்டது. அறுந்த கேனான் பின்னுக்கு ஈயம் வைக்க மதுரையில் ஆள் உண்டு. யூஎஸ்பி மைக்கின் துளை ஆடிப்போனால் போன் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டும். சிப் போனால் மைக்கே போனதுதான். இரண்டு வழியும் உள்ள மைக்கை நாங்கள் முதலில் சொல்வது இதனால்தான். யூஎஸ்பி செத்த பிறகும் அது கேனான் பின்னில் பிழைத்துக் கிடக்கும்.

ஆகவே அடுத்த முறை விளாங்குடியிலிருந்து யாராவது கேட்டால் கடையில் வைத்துப் பதில் சொல்லாதீர்கள். இரண்டு வழி டைனமிக் ஒன்றும் பூம் ஆர்மும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஃபேன் ஓடும்போது ஒருமுறை, சார்ஜர் சொருகி ஒருமுறை, கழற்றி ஒருமுறை ரெக்கார்டு செய்து அவர் காதிலேயே ஹெட்போனை மாட்டிவிடுங்கள். பாதி வீடுகளில் அன்றைக்கு இன்டர்ஃபேஸ் விற்காது. போய் வந்ததற்கும் எர்த் பார்த்ததற்கும் கூலியைக் கூச்சப்படாமல் பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.